பதினொரு பிள்ளைகளின் தூக்கம்

பேத்தி தன் கைக்குழந்தையைத் தூங்கவைக்கச் செல்போனில் கடலிரைச்சலை ஓடவிட்டிருந்தாள். ராயபுரத்தில் நிஜக் கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது; சிரித்துக்கொண்டேன். பிறகு ஏதோ மருந்தை விரலில் தொட்டு அதன் நாக்கில் தடவினாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வயிற்றுவலி மருந்துதானாம். இருக்கட்டும். என் குமட்டல் எழுபது வருஷத்துக்கு முந்தியது.

அப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு வேலை. தீக்குச்சி மருந்தின் நெடி தலைமுடியிலேயே குடியிருக்கும். என் மூன்று மாதக் குழந்தை செல்வி கண்ணை மூடமாட்டாள், ஓயாமல் அழுவாள். கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா பொன்னம்மா. அவளிடம் விட்ட இரண்டாம் நாளே செல்வி அடங்கிவிட்டாள். கைராசிக்காரி என்று அவளுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். என் புத்தி அவ்வளவு.

ஒருநாள் மிஷின் நின்றுபோக, நாங்கள் நாலைந்து பேர் பால் கொடுக்க முன்னதாகவே போனோம். பதினொரு பிள்ளைகள் வரிசையாகக் கிடந்தன. மூத்திர நாற்றம். வாயோரம் ஈ மொய்த்தது. ஒன்றுகூட முகம் சுளிக்கவில்லை. செல்வியை எடுத்து அணைத்தேன். அவள் உறிஞ்சவில்லை. பால் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது. பொன்னம்மாவிடம் திரும்பினேன்.

"இன்னாக்கா குட்த்தே கொயந்தைக்கு?"

"அபினிதான். நகக்கண்ணுல துளி. எல்லாத்துக்கும் அதான். உனுக்குத் தெரியாதா இன்னா?"

கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு வாரமாகக் குழந்தையின் வாயில் ஒரு கசப்பு வாடையை முகர்ந்திருந்தேன். முகர்ந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். பொன்னம்மாவைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செல்வி பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி அழுகை. பக்கத்து வீட்டுக் கதீஜா பீ தூளியை அவிழ்த்து உதறினார். ரத்தம் குடித்து உப்பிய மூட்டைப்பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இம்மாம் கலீஜா கீதே, புள்ள எப்டிம்மா தூங்கும்? சேலைய வெந்நீர்ல போடு."

அன்று மத்தியானம் செல்வி தானாகத் தூங்கினாள். உயிர் இருக்கிறதா என்று நான்தான் தொட்டுத்தொட்டு எழுப்பிவிட்டேன்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அங்கே கிடந்த பிள்ளைகளில் இரண்டு அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்றார்கள் தாய்மார்கள், அபினி என்று தெரிந்தும் நானும் தலையாட்டினேன். இப்போது உண்மையைச் சொல்ல அவர்களில் ஒருத்தியும் உயிரோடு இல்லை.