வளைவில் எரிந்த சிவப்பு லைட்

எங்க வீட்டுக்காரரு கோவர்த்தனன் ரேணிகுண்டாவுல மெக்கானிக் ஷெட் வச்சிருக்காரு. நான் பத்து வார்த்தை பேசினா அவரு ஒண்ணு பேசுவாரு, அதுவும் பாதி தெலுங்கு. ஆனா எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கினு கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவாரு.

என் தம்பி சீனு சித்தூர்லேர்ந்து திருமலைக்கு வேன் ஓட்டுறான். அந்த வேனை விட்டா அவனுக்கு வேற பொழைப்பு இல்ல. புரட்டாசிக்கு முன்னாடி வெதுருகுப்பம் ரோட்டுல கல்லு அடிச்சு, எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற தொட்டி, ஆயில் பேன், கிழிஞ்சுபோச்சு. சனிக்கிழமை சவாரி போயிடுமேன்னு புலம்பினான். இவரு சோறுகூட துன்னாம ஒரே நாள்ல தகடு வளைச்சு புது பேன் செஞ்சு மாட்டினாரு. உள்ளே தடுப்பு வைக்க இன்னும் அரை நாள் ஆகும். சவாரி முடியட்டும், அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டாரு. அந்த அப்புறம் வரவே இல்ல.

தடுப்பு எதுக்குன்னா, பஸ்ஸுல ரசம் குண்டானை மடியில வச்சுக்கினு போய்ப் பாருங்க, தெரியும். வளைவுல ரசம் ஒரு பக்கமா ஓடிடும், இந்தப் பக்கம் கரண்டி விட்டா ஒண்ணும் வராது. எஞ்சினும் அப்படித்தான். உறிஞ்சற குழாய்க்கு ஆயில் சிக்கலன்னா பிரஷர் விழுந்து சிவப்பு லைட் எரியும். அப்படியே ஓட்டினா ஒரு நாள் எஞ்சின் சுத்தாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான்.

தை மாசம் எங்க பொண்ணுக்கு மொட்டை போட சீனு வேன்லயே மலை ஏறினோம். அந்த லைட் இருக்கிற இடத்துல நாமம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். பக்திதான்னு நெனச்சேன். ஒரு வலது வளைவுல எஞ்சின்ல ஏதோ டக்டக்னு கேட்டுச்சாம். எனக்கு ஒண்ணும் கேக்கல. இவரு முன்சீட்டுல நிமிர்ந்தாரு, நகத்தால ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாரு. அடுத்த வளைவுல சிவப்பு எரிஞ்சுது. ரோடு நேரானதும் அணைஞ்சுது.

ஓரம் கட்டச் சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துல, குழந்தையை வச்சுக்கினு இப்படியாடா ஓட்டுறதுன்னு சீனுவை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. ஸ்டீயரிங்கைப் பாத்துக்கினே அவருகிட்ட சொன்னான்.

"நாலு மாசமா எரியுது மாமா. நீங்க சோறு துன்னாம செஞ்ச வேலை. அதுல தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இவரு மூஞ்சி செத்துப்போச்சு. எனக்குத் தாங்கல. குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி திரும்பிக்கினேன். அப்புறம் கேன்ல இருந்த ஆயிலைக் கொஞ்சம் ஊத்தி, வளைவுக்கு வளைவு ஊர்ந்தே ஏறி, மொட்டை போட்டுக்கினு மெதுவா இறங்கினோம்.

மறுநாளே பேனைக் கழட்டி, உறிஞ்சற குழாயைச் சுத்தி நாலு தகடு பத்த வச்சாரு. ஒண்ணுல குட்டிக் கதவு. அது ஆயிலை உள்ளே விடும், வளைவுல வெளியே ஓட விடாது. அடுத்த நாள் சீனுவோட மலை ஏறினாரு, நானும் கூடப் போனேன். வழி முழுக்க லைட்டையே பாத்துக்கினு வந்தாரு. எரியல. கடைசி வளைவு தாண்டினதும்தான் வாயைத் தொறந்தாரு.

"சீனு, இனிமே என் தப்பை என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. சாமியை மேல ஒட்டி மறைக்காதே."

சரி மாமான்னான். அதுக்கப்புறமும் ஒரு வாரம் இவரு சிரிக்கவே இல்ல, சரியா துன்னவும் இல்ல.

நேத்து சீனு ஷெட்டுக்கு வந்தான். இவரு மூஞ்சியைப் பாத்தே சொன்னான், "மாமா, வேன் பின்கதவுக்கு நீங்க மாட்டின பூட்டு சரியில்ல."

இவரு சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கினு வேன்கிட்ட போனாரு.