குளக்கரையில் ரிங் ஆடிய மாலைகள்

ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். டவுனில் யாரையும் தெரியாது. அதே பள்ளியின் தையல் டீச்சரோடு ஒரு வாடகை வீட்டில் தங்கினேன். அவர் அரிமளத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணமான நாற்பதாம் நாள் கணவர் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

பள்ளி விட்டதும் இருவரும் குளத்துப் பூங்காவுக்குப் போவோம். ஊருக்குக் குடிதண்ணீர் தரும் குளம் அது. கரையெல்லாம் மரங்கள், சிமெண்டு பெஞ்சுகள். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரிங் ஆடுவோம். முதலில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துப்போனது.

ஒருநாள் நான் வீசிய ரப்பர் வளையம் குளத்தில் போய் விழுந்தது.

"விடுங்கக்கா, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

"எங்க ஊரணிய இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துனவ நான்" என்று சொல்லிக்கொண்டே அக்கா சேலையோடு இறங்கிவிட்டார். நாலே வீச்சில் வளையத்தைப் பிடித்துத் திரும்பினார். காவல்காரர் ஓடி வந்தார். "குடிக்கிற தண்ணியில எறங்கலாமாம்மா? படிச்சவங்களே இப்படிச் செஞ்சா?" அக்கா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். வீடு வரும்வரை சிரிப்பை அடக்க முடியாமல் நடந்தார். கணவரைப் பிரிந்தவர் என்பதை அன்று நானே மறந்துபோனேன்.

ஆனால் ஆடி முடித்து உட்காரும்போது பேச்சு எப்போதும் மலாயாவுக்குத்தான் போகும். "காயிதம் வந்து ரெண்டு மாசமாச்சு" என்பார். கணவரிடமிருந்து அவருக்கு அழைப்பு வரவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஜெபிப்பேன். முழங்காலிலிருந்து எழுந்திருக்கும்போதே, வராமல் போனால் என்ன என்றும் மனசு கேட்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் அழைப்பு வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும் வரை அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அவர் போனபின் வேறொரு டீச்சரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வெயில், கால்வலி என்று இரண்டு நாளில் அவர் நின்றுவிட்டார். நான் தனியாகக் கரையைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'இங்கேயும் ஒரு பெரிய ஏரி, சுத்திப் பூங்கா. தினம் மழை. கூட ஆடத்தான் ஆள் இல்ல.' அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு அக்காவுக்குக் குழந்தைகள் பிறந்தன, கடிதங்கள் குறைந்தன.

அறுபதுகளில் ஒருமுறை தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தார். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். மூன்று பிள்ளைகள், பெட்டிகள், பக்கத்தில் கணவர். அக்கா கொஞ்சம் பருத்திருந்தார். என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"கொளத்துப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் கெளம்பப் போகுது."

"அடுத்த தடவ வாரப்ப போகலாங்க்கா" என்றேன்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அன்று விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டும் வரை ஒரு தாள்கூடத் திருத்தவில்லை.