பூரணி கலந்த பதினொரு குப்பிகள்

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தவள் பூரணி. பதினாறு வருடம் தூசியை விழுங்கியதில் நெஞ்சு கெட்டுப்போனது. இருமுகிறவள் தொழிற்சாலைக்கு ஆகாது என்று, 1963இல் அவளை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். மூச்சு வாங்குகிறவளை மலையேறச் சொன்ன அந்த மூளைக்கு என்ன பெயர் வைப்பது? இரண்டு மாதத்தில் அவள் பாதியாகிப் போனாள்.

அந்த நேரத்தில்தான் பேரின்பநாயகம் வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஆராய்ச்சிக் கப்பலொன்று இந்து சமுத்திரத்தின் அடியிலிருந்து எடுத்த சேற்றைக் கழுவி, பதினொரு டின்களில் கொழும்பு நண்பர் அவருக்கு அனுப்பியிருந்தார். அதில் எப்போதோ செத்துப்போன கடற்பூச்சிகளின், கசகசாவை விடச் சின்னச் சின்ன ஓடுகள். உருப்பெருக்கியில் பார்த்து, ஈரத் தூரிகை நுனியால் ஒரே இனத்து ஓடுகளை மட்டும் பொறுக்க வேண்டும். ஒரு டின்னுக்கு ஒரு குப்பி. அதற்குக் காம்பு பொறுக்கிப் பழகிய பூரணியின் கண்ணை விட்டால் வேறு கண் ஏது?

உட்கார்ந்து செய்கிற வேலை. தங்குவதற்குப் பள்ளிக்கூட வளவிலேயே ஓர் அறை. முதல் தொகுதி சரியாகப் போனால் இரண்டு வருடம் இதே வேலை, இல்லாவிட்டால் திரும்ப மலைதான் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். மூன்று மாதம் பொறுக்கினாள். இருமலும் தணிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தாள்.

வாத்தியார் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, குப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றில் ஓடுகள் வெள்ளையாகப் பெரிதாக இருந்தன. இன்னொன்றில் பழுப்பாகப் பொடியாக இருந்தன. தொழிற்சாலையில் தேயிலைத் தூளை மொத்தமாகக் கொட்டிக் கலக்காமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. பெட்டிக்குப் பெட்டி வித்தியாசப்பட்டால் ஏச்சு விழுவது பொறுக்கினவளுக்குத்தான். வெள்ளைத் துணியை விரித்தாள். பதினொரு குப்பியையும் கொட்டிப் பக்குவமாகக் கலந்து, சமமாகத் திரும்ப நிரப்பினாள்.

வந்து பார்த்த வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்: ஒவ்வொரு டின்னும் ஒவ்வொரு ஆழம், ஒவ்வொரு ஆழமும் ஆயிரமாயிரம் வருடம். ஓட்டிலுள்ள ஒட்சிசனில் கனத்த அணு எவ்வளவு, இலேசான அணு எவ்வளவு என்று அளந்தால், அந்தக் காலத்துக் கடல் குளிர்ந்திருந்ததா என்று தெரியும். காபனையும் அப்படியே அளந்தால், கடலில் எவ்வளவு ஊட்டம் இருந்தது என்றும் பார்க்கலாம். இப்போது எல்லாக் காலமும் ஒன்றாகிவிட்டது.

"குடுங்க சார், உக்காந்து பிரிச்சிர்றேன்."

"கண்ணாலை பிரிக்கேலாது, பூரணி."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றாள்.

காம்பு பொறுக்குகிறவளுக்குக் கடலின் வயது எதற்கு என்று நினைத்த மனிதர் அவர். கொழும்பு நண்பருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வேலைக்காரப் பெண்ணின் கவனக்குறைவால் எல்லாம் பாழாகிவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று இங்கிலீசில் எழுதி, உறையை ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்துத் தபாற்கந்தோருக்கு அனுப்பினார்.

தனக்காக இன்னொரு தொகுதி கேட்டு எழுதியிருக்கிறார் என்று அவள் நம்பினாள். மழையில் நனையாமல் அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.