உத்தனப்பள்ளியில் ஒரு செம்புத் தண்ணீர்

டயர் பஞ்சராகி பஸ் உத்தனப்பள்ளியில் நிற்கிறது. ஓசூர் ஃபேக்டரியில் எனக்கு வேலை கிடைத்து, இந்தப் பக்கமே குடிவருகிறோம். மகளுக்குத் தாகம். முன் பால்பற்கள் இரண்டும் இப்போதுதான் விழுந்திருக்கின்றன அவளுக்கு.

கைபம்பில் தண்ணீர் அடிக்கும் பெண் சிரிக்கிறார். பற்களில் பழுப்புக் கோடுகள். நான் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார்.

"வெத்தலக் கறை இல்லீங்கண்ணா, இந்தத் தண்ணிதான். பல்லு மொளைக்கிற வயசுல குடிச்சா இப்படி ஆயிடும். நம்மள மாதிரி பெரியவங்களுக்கு முட்டிதான் போவும்."

சொல்லிக்கொண்டே மகளிடம் செம்பை நீட்டுகிறார். "ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆவாது, குடி கண்ணு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறுக்கே கை நீட்டி வாங்கி, சொட்டு மிச்சமில்லாமல் நானே குடித்துவிடுகிறேன்.

"பாவம், அப்பாவுக்குத்தான் தாகம்" என்று அவர் மறுபடி செம்பை நிரப்புகிறார்.