பின்னால் இருந்த ரூமுக்கு நான் கேட்ட விலை

அன்று நான் பயந்தது பிள்ளைக்காகவா, விலைக்காகவா? இரண்டு வருடம் ஆகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டவர் ஒரு வீட்டுப் புரோக்கர். அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிடிக்காத ஆள் கேட்ட கேள்விதானே என்று ஒதுக்கிவிடப் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது நாங்கள் சிவகாசியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஆப்செட் அச்சகம் ஒன்றில் சூப்பர்வைசர். நாங்கள் குடிவந்தபோது கீழே ஜவுளிக்கடை இருந்தது. ஜவுளிக்கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போக, அந்த இடத்துக்குப் பட்டாசுக்கடை வந்தது. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அதற்குப் பிறகு அவளை நான் ஒரு நாளும் தனியாகத் தூங்கவிட்டதில்லை. கீழே ஷட்டர் இழுக்கிற சத்தம் கேட்டாலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். வைத்துக்கொண்டு எந்த வழியாக ஓடுவேன் என்று யோசித்துப் பார்த்தால், மாடிப்படி அந்தக் கடையை ஒட்டித்தான் இறங்கியது.

"ஊரே இப்படித்தான இருக்கு. நமக்கு மட்டும் என்ன?" என்பார் கணவர்.

நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் பள்ளியில் பாடமும் நடத்தினேன். அந்தப் படிப்பால் பயம் குறையவில்லை. எந்தப் பொடி எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து பயந்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தேன். விருதுநகரில் வீடு வாங்குவோம், நீங்கள் பஸ்ஸில் போய்வாருங்கள், பட்டாசு வாடையே இல்லாத இடத்தில் பிள்ளை வளரட்டும் என்றேன். வங்கிக் கடனும் என் நகையும் சேர்த்து ஐந்து லட்சம் தேறும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் புரட்ட முடியாது. லேபிள் ஆர்டர்கள் குவிந்திருந்த மாதம் என்பதால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே பாரு, நீயே பேசு. படிச்சவதான" என்றுவிட்டார். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். தப்பாகப் போனால் பழி யார் தலையில் என்பது அப்போது உறைக்கவில்லை.

புரோக்கருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, டிவிஎஸ் வண்டி, பையில் செல்போன். என்னை முதலில் பார்த்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"சார் வரலியாக்கும்?"

"நான்தான் பார்க்கிறேன்."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்குக் காசா கேக்கோம்?" என்றார். ஆனால் பார்த்து முடித்ததும் பெட்ரோலுக்கு என்று ஐம்பது ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் டீச்சராக இருந்ததையும் கணவர் அச்சகத்தில் இருப்பதையும் அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. முதல் மூன்று வீடுகள் யாருக்கும் பிடிக்காத வீடுகளாக இருக்கும். ஒன்றில் சாக்கடை வாசலுக்குள் ஓடியது. ஒன்றில் தண்ணீரே இல்லை. மூன்றாவதில் அண்ணன் தம்பி வழக்கு. நமக்கு அலுத்துப் போன பிறகுதான் நாலாவதைக் காட்டுவார். இன்னொரு விஷயம், வீட்டுக்காரரை நம் கண்ணில் காட்டவே மாட்டார். விலை பேசி டோக்கன் என்கிற முன்பணம் கொடுக்கும் நாளில்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். எங்கள் பக்கம் புரோக்கர் வழியாகப் போனால் இதுதான் வழக்கம். மீறி நேரில் போனால் வீட்டுக்காரரே, "அவர்ட்ட பேசிக்கோங்கம்மா" என்று கதவைச் சாத்திவிடுவார்.

நாலாவது வீடு சூலக்கரை போகிற பக்கம் இருந்தது. இரண்டு ரூம், அடுப்படி, வாசலில் ஒரு வேப்பமரம். காற்று நன்றாக வந்தது. அக்கம்பக்கத்தில் அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள். ஐந்து லட்சம் சொன்னார். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷம் எந்த மூலையில் பீரோ வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதை அவர் கவனித்துவிட்டார் என்பதும் தெரிந்தது.

"பின்னால இன்னொரு ரூம்பு இருக்கு. மொத்தம் மூணு. இந்த விலைக்கு மூணு ரூம்பு எவன் தருவான்?"

கொல்லையைத் தாண்டித் தகரக்கூரை போட்ட ஒரு ரூம். இடுப்பில் இருந்த மகளை இறக்கிவிட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்தன. சுவிட்ச் எங்கே என்று தேடினேன். சுவிட்ச் இல்லை, வயர் இல்லை, பல்பு மாட்ட ஒரு ஆணிகூட இல்லை. முன்வீட்டில் ரூமுக்கு இரண்டு டியூப் லைட் போட்டவர் இங்கே ஒரு பல்பு போடவில்லை.

மகள் திரும்பி வந்து கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது.

அது பட்டாசு மருந்து என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை; தீப்பிடித்தால் ஓடத்தான் இரண்டு கதவு, பொறி வராமல் இருக்கத்தான் கரண்டு இல்லை. வாயில் வைத்துவிடுவாளோ என்று பாய்ந்து பிடித்தேன். முந்தானையால் துடைத்தேன், பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன், மறுபடியும் துடைத்தேன். பயந்துபோய் அவள் கத்தினாள்.

"என்ன இது?" என்றேன்.

"சுண்ணாம்பும்மா."

"சுண்ணாம்பு மினுங்குமா?"

"அப்ப பெயிண்டா இருக்கும்."

"கரண்டு ஏன் இழுக்கல?"

"கரண்டு பில்லு மிச்சம்னு நெனைச்சுக்கோங்க டீச்சரம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தேன். அந்த வீடு வேண்டாம். எதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறோமோ அது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டை வாங்க எனக்கென்ன கிறுக்கா? கணவரிடம் சொன்னேன். "உனக்கு வேண்டாம்னா வேண்டாம்" என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அன்று கீழே கடையில் புதிதாக லோடு இறக்கினார்கள். பெட்டிகளை அடுக்குகிற சத்தம் தரை வழியாக என் காலுக்கு வந்தது. வேப்பமரமும் பீரோ வைக்கிற மூலையும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

இரண்டு நாள் கழித்து, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் உட்கார்ந்து வியாபாரம் பேசுகிற டீக்கடைக்குப் பிள்ளையோடு போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் போனேன்?

"வாங்க. நல்ல நேரத்துல வந்தீக. வர்ற ஞாயித்துக்கெழம அம்மன் கோயில்ல பொங்கல் சாட்டுறாக, திருவிழா நாள அறிவிச்சிருவாக. சாட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் எவனும் டோக்கன் வாங்க மாட்டான். அதுக்குள்ள சாத்தூர்க்காரு ஒருத்தர் வீட்டப் பாத்துட்டுப் போயிருக்காரு."

"அந்தப் பின்னால ரூம்ல வெடி மருந்து இருந்திருக்கு. நீங்க மறைச்சீங்க."

"மெதுவாப் பேசுங்க. என்ன மறைச்சேன்? கதவத் தொறந்து காட்டலியா?" பைக்குள்ளிருந்து பத்திர நகலை எடுத்து மேசையில் விரித்தார். "படிச்சவுகதான, படிங்க. ரெண்டு ரூம்பு, அடுப்படி. பின்னால ரூம்புன்னு ஏதாச்சும் இருக்கா? பத்திரத்துலயே இல்லாத ரூம்பப் பத்தி எங்கிட்ட என்ன சண்ட?"

"விலை சொன்னப்ப மூணு ரூம்னு சொன்னீங்களே?"

"அது பாக்குறதுக்கு மூணு."

"அப்ப ஒரு ரூமுக்கு உள்ள காசை நானும் உங்களுக்குக் காட்டிட்டு எடுத்துட்டுப் போகட்டுமா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். புரோக்கரின் முகம் கறுத்தது.

"சாரக் கூட்டிட்டு வாங்க. பொம்பளையாளுகட்ட வெல பேசி நான் என்னத்தக் கண்டேன். ஆமா, சாரு அச்சாபீசுல என்ன அடிக்காக? ஊறுகா லேபிளா?"

நான் பத்திர நகலை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

"சரவெடி லேபிளுதான? அந்தச் சம்பளம் இனிக்கி. செவுத்துல இருக்குற பொடி மட்டும் கசக்குதாக்கும்? இந்த ஜில்லாவுல பொடி ஒட்டாத காசு எதுன்னு ஒண்ணு காட்டுங்க, நான் புரோக்கர் தொழில விட்டுர்றேன்."

எனக்குக் காது சுட்டது. மகள் டீக்கடை பெஞ்சில் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எழுந்து போயிருக்க வேண்டும். வீடு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன், சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாப்பதாயிரம் குறைச்சா ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி டோக்கன் தாரேன். குறைக்கலைன்னா அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு அக்கம்பக்கத்துல கேக்குறேன். சாத்தூர்க்காரருக்கும் தெரியட்டும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என் அளவு தெரிந்துவிட்ட மாதிரி பார்த்தார்.

"அப்பப் பிள்ளைக்குப் பயமில்ல. வெலைக்குத்தான் பயம். அப்படித்தான தாயி?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கேட்டுச் சொல்லுங்க."

"கேக்குறேன். கேக்காம என்ன. நீங்க பெரிய ஆளுதான்."

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. நாற்பதாயிரம் குறைத்தாகிவிட்டது. ஜெயித்துவிட்டதாகக் கணவரிடம் சொன்னேன். "பரவாயில்லையே!" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே எல்லாம் சரி என்று அன்று தோன்றியது.

அன்று மாலையே டோக்கன். கணவர் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டு வந்தார். முன் ரூமில் பாய் விரித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்திருந்தார்கள். அப்போதுதான் வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் அதிகம் பேசாத ஆள். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பணத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். வீட்டுக்காரர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மா என் மகளை "வாடி தங்கம்" என்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. இருந்தும் எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

"சோப்புப் போட்டுக் களுவிட்டுத்தான் வந்தேன் தாயி" என்றார் அவர்.

மடிச் சேலையை நீவிவிட்டுக்கொண்டார். அவரே தொடர்ந்தார்.

"நாப்பதாயிரம் எதுக்குக் கொறச்சீகன்னு இந்தப் புரோக்கரு சொல்லல. கொறச்சாத்தான் ஆகும்னு மட்டும் சொன்னாரு. நீங்க சொல்லுங்க."

"அந்தப் பின்னால ரூம்…" என்று இழுத்தேன்.

"எம் பிள்ளைக மூணும் அங்கன வெளாண்டு வளந்ததுகதான். நான் ராக்கெட்டு கட்டுவேன், அதுக பக்கத்துல பாடம் எளுதும். நல்லாத்தான் இருக்குக. ஒரு நாளு ஒரு பொறி கெடையாது. அதுக்கா நாப்பதாயிரம்?"

"பேசி முடிச்சாச்சு, இனி எதுக்கு அத நோண்டிக்கிட்டு?" என்று புரோக்கர் குறுக்கே விழுந்தார். "எக்கா, வெத்தலய எடுத்துக் குடுங்க. நாளன்னிக்குச் சாட்டு." அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் உண்டு. வாங்கிக்கொண்டு, என்னிடம் மட்டும் தனியாக, "வர்றேன் டீச்சரம்மா, ரூம்புல வெளக்கப் போட்டுக் குடியிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழா முடிந்து பத்திரம் பதிந்தோம். அந்த நாற்பதாயிரத்தில் பின்னால் இருந்த ரூமை இடித்துவிடுவது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அது பத்திரச் செலவுக்கும் போர் மோட்டாருக்கும் போனது. இரண்டு கதவுகளிலும் பூட்டுப் போட்டேன். சாவியை மகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். இரண்டு வருடங்களாக அது பூட்டித்தான் கிடக்கிறது.

இப்போது இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறேன். தை மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உதவிக்கு மாமியார் வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார். வீட்டில் இடம் இல்லை. "வெள்ளையடிச்சு, டைல்ஸ் ஒட்டி, கரண்டு இழுத்துட்டா அதுவும் ஒரு ரூம்தான். நீதான பேசி வாங்குன" என்கிறார் கணவர். அவர் குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொல்கிறார்.

போன வாரம் கொத்தனாரை வரவழைத்தேன். கதவைத் திறந்தவர் சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பூச்சக் கொத்தணும்னா உளி வைக்கணும். உளி வச்சா பொறி பறக்கும். விரிசலுக்குள்ள என்ன கெடக்கோ, யாரு கண்டா? நான் மாட்டேம்மா" என்றார். அப்படியானால் முழுவதும் இடித்துவிடலாமா என்றேன். "இடிக்கிறதும் இரும்பாலதான இடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, வந்த கூலியைக்கூட வாங்காமல் போனார்.

எதோடு எது கலந்து கிடக்கிறது என்று தெரியாமல் என் படிப்பு உதவாது; வீட்டை விற்ற அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கேட்கலாம். இன்ன பொடிதான் இருந்தது, இப்படிச் சுத்தம் செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியும். மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கியவள் எந்த முகத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது? புரோக்கரிடம் முகவரி கேட்டால் கொடுப்பார், அதற்கு முன்னால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு ரூமோடு வீடு வாங்கியவர்கள், அப்படி ஒரு ரூமில் வேலை பார்த்தவர்கள், இதைப் படிப்பவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். நீங்கள் அதை என்ன செய்தீர்கள்? தண்ணீர் விட்டுக் கழுவலாமா, ஈரம் பட்டால் ஆபத்தா? யாரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்? பிள்ளைகளை அங்கே படுக்க வைத்தீர்களா? தைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.