தலைவர் வீட்டு அரிசி டின்

பிரிக்பீல்ட்ஸில் யுகேந்திரனைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் அன்னதானக் குழுவுக்கு அவர் தலைவர். சனிக்கிழமைதோறும் செலாயாங் மொத்தச் சந்தையில் விலைபோகாத காய்கறியைத் அவருடைய வேனில் அள்ளிவந்து, சமைத்து, பொட்டலம் கட்டி, வசதியில்லாத ஃபிளாட் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். தீபாவளி சமயத்தில் அரிசி மூட்டை தர ஆள் மாற்றி ஆள் வருவார்கள்; தோளில் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். பொங்கல் முடிந்தால் போனை எடுக்க மாட்டார்கள்.

குழுவில் யாரும் ஒரு பொட்டலம்கூடத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவர் யுகேந்திரன். பொருளாளர் சுகுமாறன் வழிமொழிந்தார். முதலில் கைதட்டியவரும் யுகேந்திரன்தான். தன் பேச்சுக்குத் தானே கைதட்டிக்கொள்வதில் அவருக்கு என்றைக்குமே கூச்சம் கிடையாது.

வேனில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேலை கையைவிட்டுப் போன பிறகுதான் அந்த விதி அவர் பக்கமே திரும்பியது.

"ஊருக்கே சோறு போடுற தலைவரே, நம்ம வீட்டு அரிசி டின்ன தெறந்து பாத்தீங்களா?" என்றாள் மனைவி மலர்விழி.

சொந்தக் குழுவில் கை நீட்டினால் மானம் போய்விடும். அதனால் தன்னை யாருக்கும் தெரியாத கம்போங் மேடானுக்குப் போனார். அங்கே வேறொரு குழு அரிசியும் சார்டின் மீன் டின்னும் பையில் போட்டுக் கொடுத்தது. தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

அது வரிசையாகவா இருந்தது? ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவருக்குக் கை துறுதுறுத்தது.

"ஆன்டி, இப்படி நெழல்ல வாங்க. அண்ணே, தள்ளாதீங்க லா, எல்லாருக்கும் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் மேசைக்குப் பின்னால் நின்று பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவை நடத்தும் தங்கமணி அக்கா, "பாஸ், பழகின கை போல" என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார் மனிதர். படம் எடுத்தபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பைகள் குறையக் குறையத்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. கடைசியில் மேசையில் ஒன்றே ஒன்று இருந்தது. வரிசையில் யாரும் இல்லை.

"இத யாருக்குக் குடுக்கலாம்? அனுபவசாலி, நீங்களே சொல்லுங்க," என்றார் தங்கமணி.

இதே கேள்விக்கு யுகேந்திரன் தன் குழுவில் மைக் பிடித்துப் பதில் சொல்லியிருக்கிறார். இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்கு," என்றார். "நான் லைன்ல நிக்க வந்தவன்க்கா."

தங்கமணி சிரித்தார். யுகேந்திரன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எடுத்த படத்த அழிச்சிடவா அண்ணே?"

"இருக்கட்டும்க்கா. அதுல நான் குடுக்கிற பக்கம்தானே நிக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை கம்போங் மேடானில் நடந்ததைத் தன் குழுவிடம் ஒன்றுவிடாமல் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை எடுத்துவிடலாம் என்றார் யுகேந்திரன். வெட்கமாகத்தான் இருந்தது. பழக்கதோஷம், இந்த முறையும் முதலில் கைதட்டியவர் அவர்தான். கூடச் சேர்ந்து யாரும் தட்டவில்லை.

சுகுமாறன் மட்டும் எழுந்து போய் நான்கு பொட்டலங்களை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"வீட்டுல நாலு பேரு, தலைவரே," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.