லிப்டில் ஏறாத கூடை

சணல் கயிற்றின் ஒரு முனையைச் சுவரோரச் சூடேற்றியில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறார், இங்கே பன்னிரண்டு வருடமாக நிரல் எழுதும் லூட்மில். ரூசே நகரத்தின் இந்த மூன்றாம் மாடி அலுவலகத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜாவா நிரலில் பிழை வந்தால் மற்றவர்கள் திரையை முறைப்பார்கள். இவர் ஆளைப் பிடித்துக் கட்டி, பிழையை நடித்துக் காட்டுவார். போன மாதம் காவலாளியைக் கதவுக் கைப்பிடியோடு கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இன்று அகப்பட்டவள் யோவ்கா. ஓபரா அரங்கின் டிக்கெட் தளம் அவள் பொறுப்பு. சர்வர் நிற்கும்போது டிக்கெட் வாங்க வந்த ஒவ்வொருவரும் இருக்கை பிடித்து வைத்திருக்கும் கூடையைப் பொட்டலம் கட்டி வைத்து, எழுந்ததும் பிரிக்கும் ஏற்பாட்டை மூன்று நாளுக்கு முன் அவள்தான் சேர்த்தாள். அன்றிலிருந்து சர்வர், கட்ட முடியாது என்று பாதியிலேயே படுத்துக்கொள்கிறது. 'பொட்டலம் கட்டலாம்' என்ற முத்திரையை அவள் நிரலில் ஒன்பது இடங்களில் குத்திப் பார்த்தாள். பிழை சளைக்காமல் பத்தாவது இடத்தைக் காட்டியது. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலாளர் தொதொரோவா மதியம் சொல்வார். பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நீதான் கூடை. நான் உனக்குள்ள மாட்டியிருக்கிற டேட்டாபேஸ் இணைப்பு," என்று வாய் நிறையப் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அடையோடு சொல்லி, இன்னொரு கயிற்றால் அவளைத் தன்னோடு பிணைத்தார். "லிப்டுதான் பொட்டலம். ஏறும்மா."

ஏறினாள். கயிறு விறைத்தது. லிப்டுக் கதவு மூன்று முறை அவளை நசுக்கப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"முத்திரை குத்தினா நான் வந்துருவேனா? என்னைச் சுவத்தோடல்ல கட்டிருக்கு. என்னை இங்கயே கழட்டி விட்டுட்டுப் போ. கீழ எறங்கினதும் புதுசா ஒரு இணைப்பு கேட்டு வாங்கிக்க."

யோவ்கா முடிச்சை அவிழ்த்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். இணைப்பைப் பொட்டலத்திலிருந்து விலக்கி, எழுந்ததும் மறுபடி கேட்கும்படி எழுதினாள். சர்வர் நின்றது, எழுந்தது; கூடைகளில் பிடித்து வைத்த இருக்கைகள் அப்படியே இருந்தன.

மதியம் வந்த தொதொரோவாவுக்கு அது போதவில்லை. இணைப்பை அங்கே கொண்டுவந்து மாட்டியது யார் என்று கேட்டார். யோவ்கா நிரலின் பழைய மாற்றப் பதிவைத் திறந்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய வரி, பக்கத்தில் எழுதியவர் பெயர். சட்டென்று அந்தப் பெயரை உள்ளங்கையால் மூடினாள்.

"அப்ப நீதானா?" என்றார் மேலாளர்.

யோவ்கா கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். லூட்மில் குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து எடுத்தார்.